ராத்திரி இரண்டு மணிக்கு வீல்ஹவுஸில் யார் இருக்கிறார்கள்?

பல நாள் ஆழ்கடல் தூண்டில் பயணங்களுக்குப் படகு விடும் உரிமையாளர்களுக்கும், அந்தப் படகுகளை ஓட்டும் கேப்டன்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன். வருடம் முழுக்கப் பணம் சேர்த்து, விடுப்பு சேர்த்து, நான்கைந்து நாள் கரை தெரியாத கடலில் கிடந்து பாறை மீனும் சூரை மீனும் பிடித்துவிட்டு, தோள்வலியோடு திரும்புகிறவன். மீன் கிடைக்கவில்லை என்று புகார் சொல்ல இதை எழுதவில்லை. மீன் கடிப்பதும் கடிக்காததும் உங்கள் கையில் இல்லை என்பது தெரியாத அளவுக்கு நான் புதியவன் இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அதைத் தலைப்பிலேயே கேட்டுவிட்டேன். (வீல்ஹவுஸ் என்பது படகை ஓட்டும் அறை.)

ஐந்து நாள் பயணம் அது. 14 மீட்டர் படகு. நாங்கள் ஆறு பேர், கேப்டன் ஒருவர், தளத்தில் உதவிக்கு இரண்டு பையன்கள். எந்தக் கடல், எந்தப் படகு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் விஷயம் அந்த ஒருவரோடு முடிந்துவிடும். மற்றவர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று படித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி. நங்கூரம் எட்டாத ஆழம். படகின் முன்முனையான அணியத்திலிருந்து பாராசூட் நங்கூரத்தை இறக்கிவிட்டு, எஞ்சினை அணைத்து, நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருந்தோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், கூடப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு பெரிய துணிக்குடை. தண்ணீருக்குள் விரிந்து நின்று, படகின் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்து வைத்திருக்கும். படகு அதிகம் உருளாது, தூக்கம் நன்றாக வரும்.

இரண்டு மணி இருக்கும். சிறுநீர் கழிக்க எழுந்து மேலே வந்தேன். தள விளக்குகள் கண்ணைக் குத்தின. சாயங்காலம் கணவாய் பிடிக்கப் போட்ட விளக்குகள், அப்படியே விட்டிருந்தார்கள். படகைச் சுற்றிப் பத்தடிக்குத் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது; அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு தளத்திலேயே சுருண்டு கிடந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

விளக்கு வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தூரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள். அவற்றுக்குக் கீழே ஒரு பச்சை, ஒரு சிவப்பு. படகோட்டும் உரிமம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் இந்த ஒரு பாடம் தெரியும். கப்பலின் சிவப்பு மட்டும் தெரிந்தால் அது தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகிறது; பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அதன் மூக்கு நம்மை நோக்கி இருக்கிறது.

வீல்ஹவுஸுக்கு ஓடினேன். கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். முகவாய் நெஞ்சில் பட்டிருந்தது. மடியில் ஒரு காலிக் குவளை, அதன் காதுக்குள் ஒரு விரல் இன்னும் மாட்டியிருந்தது. ரேடார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளிச்சத்தை மட்டும் அடியோடு குறைத்து வைத்திருந்தார். தோளைத் தொட்டேன், எழவில்லை. இரண்டாம் முறை உலுக்கினேன். கண் திறந்தவர் ஒரு நொடி, நான் யாரென்றே தெரியாததுபோலப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இருக்கு அது?" என்று கேட்டார். படகின் கேப்டன், பயணியைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

ஒன்றரைக் கடல் மைல் என்றது ரேடார். அதற்கப்புறம் அவர் செய்தது எல்லாமே சரி, அதையும் சொல்லிவிட வேண்டும். வி.எச்.எஃப். ரேடியோவில் இரண்டு முறை அழைத்தார், பதில் இல்லை. பையனை எழுப்பி அணியத்துக்கு அனுப்பினார். அந்தக் குடையை இழுத்து மேலே ஏற்றப் பத்து நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரம் இல்லை. "வெட்டு" என்றார். பையன் வெட்டினான். எஞ்சின் கிளம்பியது, படகு திரும்பியது, கால் மைல் ஓடியிருப்போம். கப்பல் எங்களைத் தாண்டிப் போனபோது அதன் பக்கச் சுவர் மட்டும்தான் தெரிந்தது, நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நகரும் ஒரு கறுப்பு. எஞ்சின் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே தரைவழியாகப் பாதத்தில் உறைத்தது. அதன் பின்னால் எழுந்த அலை வந்து தூக்கியபோது ரேக்கில் இருந்த ராடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கடகடவென்று அடித்துக்கொண்டன. கீழே ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் கேப்டன் மற்றவர்களிடம், "பாராசூட் கயிறு ராத்திரி உரசி அறுந்துடுச்சு" என்றார். ஒருவரும் மேலே கேட்கவில்லை. கயிற்றின் மிச்சம் அணியத்தில் சுருட்டி வைத்திருந்தது. உரசி அறுந்த கயிற்றின் முனை பிசிறு பிசிறாக இருக்கும். இது கத்தரித்த நாடாபோல ஒரே வெட்டாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே, நீர்ப்பரப்பில் இழுக்கும் செயற்கை இரையான என் பாப்பருக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது, சூரைக் கூட்டம் மேலே வரத் தொடங்கியிருந்தது, பயணத்தைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

அதைவிட மோசமானது அன்று சாயங்காலம் நடந்தது. இருட்டும் நேரத்தில் கேப்டன் "போதும், முடிச்சுக்கலாம்" என்றார். நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து, "இன்னும் ஒரே ஒரு டிரிஃப்ட், கேப்டன்" என்றோம். டிரிஃப்ட் என்றால் படகை மிதக்கவிட்டு ஒரு சுற்று தூண்டில் போடுவது. ஆறில் ஒரு குரல் என்னுடையது. அவர் ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பினார். ஒன்று என்று சொன்னது நான்கானது.

இந்த மடலை உங்களைத் திட்டுவதற்காக எழுதினால் அது யோக்கியமாக இருக்காது. உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பதில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் படகு உங்களுடையது, உரிமம் உங்களுடையது. அதனால்தான் மடல் உங்கள் பெயருக்கு வருகிறது.

அடுத்த பயணத்தில், வேறொரு படகில், கேப்டனின் ஒரு நாளைச் சும்மா குறித்துப் பார்த்தேன். 4.10க்கு எழுந்தார். விடிவதற்குள் ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்புக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் வெளிச்சத்தில் பாப்பர் வீச்சு. ஒவ்வொரு டிரிஃப்டுக்கும் படகை நீரோட்டத்துக்கு மேலே கொண்டுபோய்ச் சரியாகக் கடலடி மேட்டின் மேல் மிதக்க விட வேண்டும். அன்று அப்படி முப்பத்தேழு முறை திருப்பினார், எண்ணினேன். ஒவ்வொரு முறையும் ஆழம் காட்டும் எக்கோசவுண்டருக்கு ஒரு கண், காற்றுக்கு ஒரு கண், ஆறு பேரின் தூண்டில் நரம்பு புரொப்பெல்லரில் சிக்காமல் பார்க்க இன்னொரு கண் வேண்டும். நடுப்பகலில் நாங்கள் நிழல் தேடிச் சாய்ந்தோம். அவர் ட்ரோலிங் ஓட்டினார், அதாவது படகை ஓட்டியபடியே தூண்டிலைப் பின்னால் இழுப்பது. சாயங்காலம் ஆழத்தில் ஏற்றி இறக்கும் ஜிக் தூண்டில். இருட்டியபின் இரை சேர்ப்பதற்குக் கணவாய். எல்லோரும் படுத்தபிறகு படகின் அடியில் தேங்கும் பில்ஜ் தண்ணீர், எஞ்சின் ஆயில், எரிபொருள் வடிகட்டி, வானிலை அறிக்கை, நாளைக்கு எந்த மேடு என்ற கணக்கு. உடம்பைச் சாய்த்தபோது 11.40. பத்தொன்பதரை மணி நேரம். இது இரண்டாம் நாள். மறுநாள் அவர் எழுந்தது 4.15க்கு.

1997இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று அளந்து காட்டினார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10. பல நாடுகளில் 0.05 என்பது கார் ஓட்டவே கூடாத எல்லை. உங்களில் யாரும் குடித்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு போவதில்லை. அப்படிப் போனால் நாங்களும் ஏற மாட்டோம். ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு, ஒரு சொட்டுக் குடிக்காத கேப்டன் எங்கே நிற்கிறார் என்று நாங்கள் கேட்பதே இல்லை.

முதல் நாள் உற்சாகத்திலேயே போய்விடுகிறது. இரண்டாம் நாள் கண் எரியும், சமாளிக்கலாம். மூன்றாம் நாளிலிருந்துதான் கடன் வட்டியோடு வருகிறது. ஒரு நாள் போய்த் திரும்பும் பயணத்தில் இந்தக் கணக்கு பெரிதாக வருவதில்லை. பல நாள் பயணத்தின் தனி நோய் இது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகளில் ஐந்தாம் விதி: எல்லாக் கலங்களும், எல்லா நேரமும், கண்ணாலும் காதாலும் முறையாகக் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும். ராத்திரிக்கு விலக்கு இல்லை, சின்னப் படகுக்கு விலக்கு இல்லை.

ஆனால் இரண்டு விஷயத்தைப் பல படகுகளில் தவறாகப் புரிந்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று, எஞ்சினை அணைத்து மிதந்தால் "நின்றுகொண்டிருக்கிறோம்" என்ற நினைப்பு. விதிப்படி நங்கூரமிடாத, கரையில் கட்டாத, தரைதட்டாத படகு ஓடும் படகுதான். மிதக்கிற படகுக்கு நங்கூர விளக்கு போட்டால் அது எதிரே வருபவருக்குச் சொல்லும் பொய். மற்றொன்று, "நாம் மீன் பிடிக்கும் படகு, கப்பல்தான் விலகிப் போகணும்" என்ற நம்பிக்கை. படகைத் திருப்ப முடியாமல் கட்டிப்போடும் வலை, இழுவலை, நெடுந்தூண்டில் கயிறு ஆகியவற்றோடு இருப்பவர்களுக்குத்தான் விதி அந்தச் சலுகையைத் தருகிறது. ட்ரோலிங் தூண்டிலைப் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. நம் கையில் இருக்கும் ராடு எவ்வளவு விலையானாலும் கடல் விதியின் கண்ணில் நாம் மீன்பிடிப் படகு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசும்போதும் நாம் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188ஆம் உடன்படிக்கை 2007இல் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் மீன்பிடிக் கலங்களில் வேலை செய்பவருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாளில் 77 மணி ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. பொழுதுபோக்கு மீன்பிடிப்பை அது தன் வரையறையிலேயே வெளியே வைத்துவிட்டது. பிழைப்புக்காக வலை இழுக்கும் தொழிலாளிக்கு எழுத்திலாவது இருக்கும் பத்து மணி நேர ஓய்வு, எங்கள் விளையாட்டுக்காகப் படகு ஓட்டும் உங்களுக்கு அந்த எழுத்தில் இல்லை.

சரி, அந்த ராத்திரியின் விளக்குகளுக்கு வருகிறேன். 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் பாய்மர உச்சி விளக்கு ஆறு கடல் மைலுக்காவது தெரிய வேண்டும் என்பது விதி. அது 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வந்தால், ஆறு மைலைக் கடக்க இருபது நிமிடம். இருபது நிமிடம் கண் அசந்தால், அடிவானில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து கப்பல் தலைக்கு மேல் வந்து நிற்கும். அவர்கள் நம்மைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. 14 மீட்டர் படகின் பக்க விளக்குக்கு விதி கேட்பது இரண்டு மைல்தான். ஏழு நிமிடம்கூட இல்லை. அதையும் நாம் கணவாய் விளக்கைப் போட்டு அழித்துவிடுகிறோம். கப்பலின் ஓட்டுமேடையில் நிற்கும் அதிகாரிக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பளபளப்பு மட்டும். அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, ஓடுகிறதா மிதக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. நமக்கும் அந்த வெளிச்சத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. நான் கையால் மறைத்துப் பார்த்தது நினைவிருக்கட்டும்.

"ஏ.ஐ.எஸ். இருக்கே" என்பீர்கள். படகு இருக்கும் இடத்தை ரேடியோவில் மற்றக் கலங்களுக்குச் சொல்லும் கருவி அது. சிறு படகுகளில் இருக்கும் பி வகைக் கருவி, படகு இரண்டு நாட் வேகத்துக்கு மேல் ஓடினால் 30 விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தைச் சொல்லும். அதற்குக் குறைந்தால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறைதான். மிதக்கும் படகு கிட்டத்தட்ட வாயை மூடிக்கொண்டிருக்கும். மூன்று நிமிடத்தில் அந்தக் கப்பல் ஏறக்குறைய ஒரு மைல் வந்துவிடும்.

ரேடாரில் காவல் வட்டம் போட்டு, அதற்குள் எது வந்தாலும் அடிக்கும்படி அலாரம் வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான். அன்று ஏன் அடிக்கவில்லை என்று மறுநாள் கேப்டனிடம் தனியாகக் கேட்டேன். "அலைக்கெல்லாம் கத்திக்கிட்டே இருக்கும் சார், யாரும் தூங்க முடியாது. அதான் ஆஃப் பண்ணி வெச்சேன்" என்றார். பயணிகள் தூங்குவதற்காக அலாரத்தை அணைத்தவர் தானும் தூங்கிவிட்டார். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

மோதல் மட்டும்தான் ஆபத்து என்றால் நல்ல நங்கூர இடம் தேடிப் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, 'கன்செப்ஷன்' விபத்தின் விசாரணை விவரங்களைப் படிக்கும்வரை.

2019 செப்டம்பர் 2. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவோரம், கரைக்குப் பக்கத்தில், அமைதியான தண்ணீரில் நங்கூரமிட்டிருந்தது அந்தப் படகு. மூன்று நாள் முக்குளிப்புப் பயணம். தூண்டில் பயணம் இல்லை. ஆனால் படகின் அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். கீழ்த்தளத்தில் அடுக்குப் படுக்கைகள், அதற்கு மேல் சலூன் எனும் பொது அறை, அதற்கும் மேல் வீல்ஹவுஸும் ஊழியர் படுக்கையும். விடிவதற்கு முன், மூன்று மணி வாக்கில் சலூனில் தீ. படகில் இருந்த 39 பேரில் 34 பேர் இறந்தார்கள். 33 பயணிகள், அவர்களோடு கீழே தூங்கிய ஊழியர் ஒருவர். மேலே தூங்கிய கேப்டனும் நான்கு ஊழியர்களும் குதித்துத் தப்பினார்கள். கீழிருந்து வெளியே வர இரண்டு வழி இருந்தது, ஒரு படிக்கட்டும் ஒரு அவசரத் திறப்பும். இரண்டும் போய்ச் சேர்ந்தது எரிந்துகொண்டிருந்த அதே சலூனில்.

தீ எதனால் பிடித்தது என்பதை விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சலூனில் லித்தியம் பேட்டரிகள் சார்ஜில் கிடந்தன. ஆனால் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு விஷயத்தில் தடுமாறவில்லை. இரவில் சுற்றிவரும் காவல் இல்லை. படகின் சான்றிதழிலேயே அந்தக் காவல் கட்டாயம் என்று இருந்தது. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கினார்கள். 2023 நவம்பரில் கேப்டன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, 2024 மே மாதம் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை. இரவுத் தங்கலுள்ள பயணிகள் படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புது விதிகளில், ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகள், தனித்தனியான இரண்டு வெளிவழிகள் என்பவற்றோடு, காவல்காரர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்கும் கருவியும் இருக்கிறது.

இப்போது நம் படகைப் பாருங்கள். ஆழத்துக்கு இறக்கும் மின்சார ரீலின் பேட்டரி, தலைவிளக்கு, கேமரா, டிரோன், ஆறு பேரின் போன். எல்லாம் ராத்திரியில்தான், படுக்கைக்குப் பக்கத்தில், ஒரே நீட்டிப்புப் பலகையில் சார்ஜ் ஆகின்றன. அதைப் படித்த பிறகு, நான் ஏறும் படகில் அவசரத் திறப்பைத் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு படகில் திறக்கவே இல்லை. மேலே போய்ப் பார்த்தால் அதன்மேல் எங்கள் ராடு பெட்டிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான்கு பெட்டியில் ஒன்று என்னுடையது.

விழித்திருப்பது எல்லா ஆபத்துக்கும் மருந்து என்று சொல்லவரவில்லை. 2022 மார்ச் 20 அன்று நியூசிலாந்தின் வடமுனைப் பக்கம், பல நாள் தூண்டில் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த 'என்சான்டர்' படகை ஒரு பெரிய அலை புரட்டியது. பத்துப் பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே யாரும் தூங்கிவிட்டதால் நடந்ததல்ல அது. கடல் தன் பங்குக்குத் தருவது அவ்வளவு இருக்கும்போது, நாமாகச் சேர்ப்பதைக் குறைக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு வேண்டியது இதுதான். நாங்கள் படுத்ததிலிருந்து எழும்வரை படகில் ஒருவர் கண் விழித்து, உடம்பு தெளிந்து, அதற்கென்றே இருக்க வேண்டும். பகல் முழுக்க எங்கள் மீனைக் கொக்கியிலிருந்து கழற்றிய அதே பையனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு "காவல் இருக்கு" என்று சொல்வது கணக்கில் வராது. சான் டியாகோவிலிருந்து எட்டு நாள், பத்து நாள், அதற்கு மேலும் போகும் பெரிய படகுகளில் இரண்டாவது கேப்டனோடு போவது வழக்கம். பதினான்கு மீட்டர் படகில் அதற்கு இடம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் மணி நேரத்தைக் குறையுங்கள். ராத்திரி ஒன்பது முதல் காலை நான்குவரை தூண்டில் கிடையாது, நடுப்பகலில் மூன்று மணி நேரம் கேப்டன் தூங்குவார், அப்போது படகு ஓடாது என்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். மூன்று பேர் முறை வைத்தால் ராத்திரிக் காவல் ஆளுக்கு இரண்டு மணி இருபது நிமிடம்தான் வரும். அது மனிதரால் முடிகிற வேலை. பையன்களுக்கு ரேடார் பார்க்கவும், சந்தேகம் வந்தால் உங்களைத் தயங்காமல் எழுப்பவும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். எழுப்பினால் எரிந்து விழுகிற கேப்டனை எந்தப் பையனும் இரண்டாம் முறை எழுப்ப மாட்டான்.

கண் அசந்தால் எழுப்பும் கருவியும் இருக்கிறது. 150 டன்னேஜுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் அது கட்டாயம். மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் யாரும் பொத்தானைத் தொடவில்லையென்றால் கத்தத் தொடங்கும். சிறு படகுகளுக்கு ஏற்ற எளிய வடிவங்களும் கிடைக்கின்றன. எக்கோசவுண்டரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய செலவாக இருக்காது.

பயணிகளையே முறை வைத்து உட்காரவைக்கும் படகுகளும் உண்டு. கூடுதல் கண்ணாக இருக்கத் தயார், சந்தோஷமாகவே உட்காருவேன். ஆனால் ஊழியருக்குப் பதிலாக வேண்டாம். என்னைப்போன்றவனுக்குச் சிவப்பு பச்சை தெரியும்; அதற்கப்புறம் சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது.

"இப்படியெல்லாம் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துப் படகுக்குப் போய்விடுவார்" என்ற உங்கள் பயம் புரிகிறது. உண்மையில் சிலர் போவார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருந்தது என்பதை வைத்துக் கொடுத்த காசைக் கணக்குப் பார்க்கும் கூட்டம் எங்களில் உண்டு. நானே அதில் இருந்தவன். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஒன்பது மணி என்று சொன்னால் யாரும் எங்கும் போக முடியாது. துறைமுகத்தில் அருகருகே படகு கட்டுகிறீர்கள், எரிபொருள் விலை ஏறினால் ஒன்றாகப் பேசிக் கட்டணத்தை ஏற்றுகிறீர்கள். இதையும் அதேபோல் பேசி முடிக்கலாம். அதனால் கட்டணம் கூடினால் கூடட்டும். ஐந்து நாளை நான்காக்கி அதே பணம் வாங்கினாலும் நான் வருவேன்.

சென்ற முறை ஏறிய படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அன்றைய காவல் முறை, பெயரும் நேரமும் போட்டு. ஒன்பது அடித்ததும் அந்தக் கேப்டன் "நரம்பைச் சுருட்டுங்க" என்றார். ஒரு நண்பர் பழக்க தோஷத்தில் "இன்னும் ஒரே ஒரு..." என்று ஆரம்பித்தார். கேப்டன் பதிலே சொல்லாமல் தள விளக்கை அணைத்தார். சிரித்துக்கொண்டே ராடை ரேக்கில் செருகினார் நண்பர். கண் பழகியதும் தலைக்கு மேல் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்த ராத்திரியும் இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. இப்போதெல்லாம் படகில் அந்த நேரத்துக்குத் தானாகவே வந்துவிடுகிறது. மேலே போனேன். வீல்ஹவுஸில் பையன் நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை. "தூக்கம் வரலையாண்ணே?" என்றான். "வரும்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்தேன்.

அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஐந்து பேர். முன்பணம் அனுப்புவதற்கு முன் தலைப்பில் இருக்கும் கேள்வியை உங்களில் சிலருக்கு அனுப்புவேன். பெயரும் நேரமும் எழுதிய பதில் எந்தப் படகிலிருந்து வருகிறதோ, அதில் ஏறுவோம்.

இப்படிக்கு,
மூன்றாம் நாள் ராத்திரி உங்களை உலுக்கி எழுப்பிய பயணி